சூப்பர்வைசருக்கு மீசை கிடையாது

பாப்பா,

முப்பத்தைந்து வயதாகி, எழுபது எண்பது பேரை வைத்து வேலை வாங்குகிற ஆளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது சரியில்லைதான். உன் ஆபீசில் இருந்து போன் பண்ணிய பெண் வார்த்தைக்கு வார்த்தை உன்னை மேடம் என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனாலும் நீ எனக்குப் பாப்பாதான், அதை இனி மாற்ற முடியாது. நீ எழுதி அனுப்பிய புதுச் சீரியலின் பத்து எபிசோடையும் வண்டன்மேட்டுக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். செல்போனில் வைத்துப் படிக்க என் கண்ணுக்கு முடியாது. கடைக்காரர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஏலக்காய் ஸ்டோர் கதையால்ல இருக்கு" என்றார். என் மகள் எழுதியது என்று சொன்னேன். பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

"நீங்க முப்பது வருசம் ஸ்டோர்ல சூப்பர்வைசரா இருந்தவரு, தப்பு இருந்தா சிவப்பு மையில எழுதி அனுப்புங்கப்பா, அடுத்த மாசம் அங்கேயே வந்து ஷூட்டிங் ஆரம்பிக்கிறோம்" என்று சொன்னாய். நானும் சிவப்புப் பேனா வாங்கினேன். ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற ஸ்டோரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலையைத்தானே ஆயுசு முழுக்கப் பார்த்தேன். முதலில் சின்னச் சின்னதாகச் சொல்லிவிடுகிறேன். உன் கதையில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். எந்த ஸ்டோரில், பாப்பா, பெஞ்ச் இருந்தது? சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து, காலை நீட்டி, மடியை ஒட்டி முறத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கறுத்த காய், வெடித்த காய், வெளுத்த காய் எல்லாம் ஒதுங்கி, நல்ல பச்சைக்காய் மட்டும் முறத்தில் நிற்கும். அப்புறம், உன் நாயகி ஒரு காயை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். ஸ்டோருக்குள் மூன்று நாள் இருந்த யாருக்கும் அந்த வாசனை தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொல்லித்தான் நமக்கே தெரியும். அந்தச் சூப்பர்வைசருக்குப் பெரிய மீசை வைத்திருக்கிறாய். எனக்கு எப்போது, பாப்பா, மீசை இருந்தது? கல்யாணப் போட்டோவிலேயே கிடையாது.

இப்படியே எழுதிக்கொண்டு ஐந்தாவது எபிசோட் வரைக்கும் வந்தேன். அதற்குமேல் பேனா நின்றுபோயிற்று. ஏன் என்று சொல்ல எனக்கு நேரம் வேண்டும். அதனால் முதலில் உன்னைப் பற்றிச் சொல்கிறேன், நான் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம். பிள்ளையை நேரில் புகழ்கிற பழக்கம் நம் வீட்டில் இல்லை. கடிதத்தில் சொன்னால் என் முகம் உனக்குத் தெரியாது.

கம்பத்தில் பி.காம் முடித்துவிட்டு நீ மெட்ராஸ் போகிறேன் என்றபோது, பேங்க் பரீட்சைக்குப் படிக்கத்தான் போகிறாய் என்று நினைத்தேன். சீரியலுக்கு வசனம் எழுதும் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்ததும் இரண்டு வருஷம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று வாய் கூசாமல் சொன்னேன். கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று ஒருவர் குடைந்தபோது, டைப் அடிக்கிற வேலை என்றும் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் நீ எழுதி, டைட்டிலில் வேறொருவர் பேர் வந்தது! அதை ஒரு நாளும் எங்களிடம் குறையாகச் சொன்னதில்லை. "இன்னைக்கு நான் எழுதுன சீன் வந்துச்சுப்பா" என்று மட்டும் போனில் சொல்வாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

உன் பேர் முதல்முதலாக டிவியில் வந்ததை நான் பார்த்தது நம் வீட்டில் அல்ல. புளியன்மலையில் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதை, திரைக்கதை, வசனம் என்று போட்டு, கீழே உன் பேர். உன் பேருக்கு முன்னால் என் பேரின் முதல் எழுத்து. கையில் டீ இருந்தது, குடிக்க மறந்துபோனேன். இந்த இனிஷியலை உனக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்ததைத் தவிர அந்தப் பேருக்காக நான் ஒன்றும் செய்யவில்லையே என்று இருந்தது. மூன்று வருஷம் கழித்துத் தயாரிப்பு என்ற இடத்திலும் அதே பேர் வந்தபோது, அதே கடைக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரர், "என்ன சேட்டா, நீங்களும் சீரியல் பார்க்க ஆரம்பிச்சாச்சா" என்று கேலி பண்ணினார். கண்ணில் புகை என்று சமாளித்தேன்.

போன மாசம் கண் காட்ட கம்பத்துக்குப் போய் அங்கேயே ராத்தங்கி, காலையில் ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் திரும்பி வந்தேன். பின்னால் தோட்டத்து வேலைக்கு வரும் பெண்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். கம்பம்மெட்டு ஏற ஆரம்பித்ததுமே பேச்சும் ஆரம்பித்துவிட்டது.

"ஏக்கா, நேத்து எங்க தெருவுல கரண்டு இல்ல. என்னா ஆச்சு, சொல்லு."

"என்னத்தச் சொல்ல... அந்தச் சின்ன மருமக பெட்டியத் தூக்கிட்டு வாசப்படிக்கு வந்துட்டா."

"போயிருவாளா?"

"போனாத் தேவலன்னுதான் எனக்கும் இருக்கு. எங்க போவா? ஆத்தா வீட்டுல ஒக்கார எடமிருக்கா?"

"போக எடமில்லேன்னு தெரிஞ்சுதான அந்தப் பய அந்த ஆட்டம் ஆடுறான்."

கடைசியாகப் பேசிய பெண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் எனக்கு அவள் முகம் தெரிந்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இந்தப் பெண்கள் ஒருத்தரையும் நீ பார்த்ததில்லை. மெட்ராசில் ஒரு அறையில் உட்கார்ந்து நீ எழுதினது இந்த மலை வளைவில், இந்த ஜீப்புக்குள் வந்து, இவர்களுக்கே இவர்களைப் பற்றிப் பேச வாய் கொடுத்திருக்கிறது. அந்தச் சின்ன மருமகள் போகமாட்டாள், திங்கட்கிழமை அவள் ஆத்தாளே வந்துவிடுவாள் என்று நீ முந்தின வாரம் வாய் தவறி என்னிடம் சொல்லியிருந்தாய். ஜீப்பில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வண்டன்மேடு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

போன வருஷம் உன் செட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்தேனே, அதைப் பற்றியும் நான் உன்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. மாமியாராக நடிக்கிற அம்மாளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அன்றைக்கு எடுக்க வேண்டிய நாலு சீனிலும் அவர்தான் நடுவில். அந்தப் பங்களா முழுக்க ஆட்கள். கேமராக்காரர்கள், லைட் பிடிக்கிறவர்கள், மேக்கப் போட்டு முடித்த பெண்கள், எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஸ்டோரில் இப்படி ஒரு நாள் வந்தால் நான் நாலு பேரைத் திட்டியிருப்பேன். நீ மாடிப்படியில் போய் உட்கார்ந்தாய். மடியில் ஒரு நோட்டு. ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, எழுந்து வந்து, "அத்தை மூணு நாள் வேண்டுதலுக்குப் பழனிக்குப் போயிருக்காங்க. அவங்க மூக்குக்கண்ணாடிய மறந்து நாற்காலியிலயே வச்சிட்டுப் போயிட்டாங்க" என்றாய். அவ்வளவுதான். மருமகள்கள் இரண்டு பேரும் அந்தக் காலி நாற்காலியையும் கண்ணாடியையும் பார்த்துப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஆள் இல்லாமலே அந்த மாமியார் எல்லோரையும் மிரட்டினாள். நான் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இது இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். யோசிக்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சமையல் காரம் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

அது உன் அம்மாவிடம் இருந்து வந்தது. உன் ஐந்தாவது எபிசோடில் அதைத்தான் நீ எழுதியிருக்கிறாய். காய் பொறுக்கும் நாற்பது பெண்களில் ஒருத்தி தினமும் முந்தின நாள் சீரியலைச் சொல்கிறாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் டிவி இல்லாத காலம், சூப்பர்வைசர் குவார்ட்டர்சில் மட்டும் இருந்தது. சொல்கிறவளுக்குக் கை ஓடாதே, சாயங்காலம் எடை குறைந்து கூலி குறையுமே என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கை நல்ல காயைத் தங்கள் முறத்தில் இருந்து அவள் முறத்தில் போடுவார்கள். அது எவ்வளவு அழகாக உனக்கு ஞாபகம் இருக்கிறது! பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்த பேச்சியக்காதான் முதல் கை போடும். போட்டுவிட்டு, "ம்... இப்பச் சொல்லு" என்னும். பள்ளிக்கூடம் விட்டு நீ வந்து அம்மா முதுகில் சாய்ந்துகொண்டு கேட்பாய். மழைக்காலத்தில் கம்பி அறுந்து இரண்டு மூன்று நாள் கரண்ட் இருக்காது. டிவி ஓடாது. ஆனாலும் அம்மா கதை சொல்வாள். பார்க்காத எபிசோடை அவளே கட்டிச் சொல்வாள். கரண்ட் வந்ததும் டிவியில் கதை வேறு பக்கம் போயிருக்கும், இவள் சொன்னதையும் அதையும் இழுத்து ஒட்டுவாள். அந்த ஒட்டு யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும், நாம் ஒரே வீட்டில் ஒரே இருட்டு டிவிக்கு முன்னால் இருந்தவர்கள். நீ ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், கரண்ட் இல்லாத நாள் கதைதான் பெண்களுக்குப் பிடித்தது.

அப்புறம் அந்தப் பெண் கதை சொல்வதை நிறுத்திவிடுகிறாள். ஏன் என்பதற்கு நீ ஒரு காரணம் எழுதியிருக்கிறாய். எல்லா வீட்டிலும் டிவி வந்துவிட்டது, இனி அவள் கதை யாருக்கும் வேண்டாம் என்று. கதையைச் சொல்ல அனுமதித்த நல்ல மனிதரான சூப்பர்வைசர் அதற்காக வருத்தப்படுகிறார். அந்த இடத்தில்தான் பேனா நின்றது. மீசையை வைத்துக்கொள், பெஞ்சைக்கூட வைத்துக்கொள், பாப்பா. அந்தச் சூப்பர்வைசரை நல்லவனாக எழுதியிருக்கிறாயே, அதுதான் தப்பு.

நடந்தது இதுதான். அது ஆடி மழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. அப்போது ஓடிய சீரியலில் வந்த கோமதியின் கதையை அம்மா தானாகவே நடத்திக்கொண்டிருந்தாள். கோமதி கல்யாணமாகிப் போன பெண், பன்னிரண்டு வருஷம் பிறந்த வீட்டுப் பக்கம் வராதவள். அன்று மழையில் நனைந்துகொண்டு அவள் அந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. திறப்பது அம்மாவா, அண்ணியா, இல்லை யாருமே திறக்காமல் போய்விடுவார்களா என்று தெரியாது. கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். தரம் பிரித்த காய்க் குவியலில் அடுத்த மூட்டையைக் கொட்ட வேண்டிய வேலை என்னுடையது. கொட்டினேன். பொறுக்கி முடித்த மூட்டை இந்தப் பக்கம் இருந்தது, பொறுக்காத மூட்டை அந்தப் பக்கம் இருந்தது. நான் அவிழ்த்தது பொறுக்காத மூட்டை. கொட்டி முடித்த பிறகும் தெரியவில்லை. கோமதி கதவைத் தட்டினாளா என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அதற்குள் முதலாளியின் ஜீப் சத்தம் கேட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சரக்கு அன்றைக்கே ஏலத்துக்குப் போயிற்று.

ஏலத்தில் எங்கள் சரக்குத் தட்டில் கறுத்த காயும் வெடித்த காயும் கலந்து கிடந்தன. வாங்க வந்தவர்கள் உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டை அடுத்தவரிடம் தள்ளினார்கள். அத்தனை பேருக்கு முன்னால் முதலாளிக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே நேராக ஸ்டோருக்கு வந்தார். "எந்தா சூப்பர்வைசரே இது?" என்று மலையாளத்தில் கேட்டார். அந்த நிமிஷம்தான் மூட்டை மாறிப்போனது எனக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம். என் கை தவறு என்று நாலு வார்த்தை. என் வாயில் வந்தது வேறு. "பொம்பளைக கதை பேசுறாளுக சார், கண்ணு காயில இல்ல" என்றேன். அதோடு விட்டேனா? நான் கண்டிப்பான ஆள் என்று அவருக்குக் காட்ட வேண்டுமே. கூடத்துக்குள் போய், நாற்பது பெண்களுக்கு முன்னால், என் பெண்டாட்டியைப் பார்த்து, "கதை சொல்ற வாயை மூடிட்டுக் காயப் பாரு. இனிமே ஒரு சத்தம் கேக்கக் கூடாது" என்று கத்தினேன். அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். விட்ட கதையைச் சொல்லட்டும் என்று பேச்சியக்கா அவள் முறத்தில் போடக் கையில் எடுத்திருந்த காயைத் தன் முறத்திலேயே திரும்பப் போட்டது. இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று, எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு அம்மா கதை சொல்லவில்லை. ஸ்டோரிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. டிவி முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டாள். நீ கேட்டபோதெல்லாம், "தூசில தொண்டை போச்சு" என்று அவள் சொன்னதை நம்பினாய். நானும் தலையாட்டினேன். ஆனால் அதற்கான விலையை நீயும் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்பது நீ போன வாரம் போனில் அழுதபோதுதான் எனக்கு உறைத்தது. "ஏழு சீரியல் பண்ணிட்டேன்ப்பா, அம்மா ஒண்ணுகூடப் பார்க்கல. இப்ப அம்மாவோட கதையத்தான் எடுக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லுன்னா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்குது. என் வேலைய அம்மாவுக்குப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாய். எத்தனை பேரைக் கட்டி மேய்க்கிற ஆள் நீ, பத்து வயதுப் பிள்ளை மாதிரி அழுதாய். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று அப்போது முடிவு பண்ணினேன்.

இதை உனக்கு எழுதும் முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் இல்லையா? நேற்று மதியம் சொன்னேன். அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

"அன்னைக்கு ஸ்டோர்ல மூட்டைய மாத்திக் கொட்டுனது நான்தான்."

"தெரியும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் உளுந்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்பத் தெரியும்?"

"மொதலாளி வந்து கேட்டப்பவே தெரியும். கொட்டும்போது பாத்தேன்ல, ஒங்க கை மூட்டைய அவுக்குது, கண்ணு எம்மேல இருக்கு. நான் உங்களத்தான பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா ஒங்க வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பாப்பா படிப்புப் போகும். பழிய நாப்பது பேரு பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்கு எம்புட்டு வந்துரும்?"

"ஸ்டோர்லதான நிறுத்தச் சொன்னேன். வீட்டுல ஏன் நிறுத்துன?" என்று கேட்டேன். கேட்டபோதே அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

"நிறுத்தச் சொன்ன ஆளு சொல்லச் சொல்லணும்ல? மொதல்ல கோவமா இருந்தேன். பெறகு கோவம் போயிருச்சு. அப்பறம் பழகிப்போச்சு." ஒரு கல்லை எடுத்துத் தள்ளிப் போட்டாள். "ஒண்ணு சொல்றேன். மூட்டைய மாத்திக் கொட்டுற அளவுக்கு ஒரு ஆளு எங்கதையக் கேட்டிருக்காரேன்னு நெனச்சு, ரெண்டு மூணு தடவ தனியாச் சிரிச்சிருக்கேன்."

"பாப்பா சீரியல மட்டும் ஏன் பாக்க மாட்டேங்குற? அது அழுவுது."

அப்போதுதான் கையை நிறுத்தினாள். "பாத்தாச் சொல்லணும். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்க எனக்குத் தெரியாது. அதான் பாக்கல. ஆனா கேக்காம இருப்பேனா? தெனமும் காலையில பேச்சியக்கா போன் போட்டுச் சொல்லிரும்ல."

பாப்பா, பத்து வருஷமாகத் தினமும் காலையில் அந்தப் போன் வருகிறது. தேவாரத்தில் மகன் வீட்டில் இருக்கும் பேச்சியக்காவுக்குப் பொழுது போகவில்லை, ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னுடைய ஏழு சீரியலையும், ஒரு நாள் விடாமல், உன் அம்மா கேட்டிருக்கிறாள். உனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த மாமியாக்காரி மூணு நாள் பழனிக்குப் போனான்னு காட்டுனாளே, அது அந்தப் பொம்பளைக்கு ஒடம்புக்கு முடியாமப் போயிருக்கும். பாப்பா ஒட்டுப் போட்டிருக்கா. மூக்குக்கண்ணாடிய வச்சே மூணு நாள் ஓட்டுனா பாருங்க, எனக்குக்கூட அது தோணாது. பேச்சியக்காவுக்கு ஒட்டே தெரியல." நான் அந்தச் செட்டில் நின்று கண்ணால் பார்த்தவன். இவளோ இந்த மலையில் உட்கார்ந்து, இன்னொருத்தி வாய்வழியாகக் கேட்டு, நீ மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினதைக் கண்டுபிடித்திருக்கிறாள். இப்படி இரண்டு பேரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்குப் பயமாகக்கூட இருக்கிறது.

பிறகு, நான் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். முழங்கால் இப்போதெல்லாம் மடங்க மாட்டேன் என்கிறது, எப்படியோ உட்கார்ந்தேன். "கோமதி கதவத் தட்டுனாளா? சொல்லு" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "மழையில நின்னவ எத்தன வருசந்தான் கையத் தூக்கிட்டே நிப்பா?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து ஆரம்பித்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். மற்றபடி அதே வேகம், அதே இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவது, கை பாட்டுக்கு உளுந்தைத் தள்ளிக்கொண்டே இருப்பது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அவள் என்னைப் பார்த்து, "இன்னைக்கு என்னத்தக் கொட்டுனீங்க?" என்றாள். சிரித்தாள். எத்தனை காலம் ஆயிற்று அவள் அப்படிச் சிரித்து!

ஆகவே ஐந்தாவது எபிசோடில் இருந்து திருத்தி எழுது. சூப்பர்வைசர் மூட்டையை மாற்றிக் கொட்டட்டும், பழியை அவள் மேல் போடட்டும், அவன் கத்துவதை நாற்பது பேரும் கேட்கட்டும். ஊரில் பார்க்கிறவர்களுக்கு அது யார் என்று தெரியும். தெரியட்டும். சொந்தக்காரர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், கம்ப்யூட்டர் கம்பெனிக் கதையையும் சேர்த்து. அவனுக்காக எதையும் மென்மையாக்காதே. நீ என் மகள் என்பதற்காக என்னைக் காப்பாற்றி எழுதினால், அம்மாவை இரண்டாவது தடவையாக வாயை மூடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். உன் வேலையில் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை, அதனால் அறிவுரை என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவ்வளவு பேர் உன்னைக் கேட்டு நடக்கிற இடத்தில், உன் கை தவறினால் உன் கை என்று அந்த நிமிஷமே சொல்லிவிடு. பிறகு சொல்லலாம் என்று நினைத்தால் பிறகு வரவே வராது, எனக்குத் தெரியும்.

கோமதிக்குக் கதவைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன், நான் எழுதினால் கெட்டுப்போகும். அடுத்த மாசம் நீ வரும்போது கேமரா, யூனிட், லாரி எல்லாம் ஒரு நாள் கழித்து வரட்டும். நீ மட்டும் முதலில் வீட்டுக்கு வா. அவளிடம் நேராகப் போய்க் கதை சொல் என்று நிற்காதே. சாக்கை விரித்து அவள் பக்கத்தில் உட்கார். இன்னொரு முறம் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் கொஞ்ச நேரம் நீயும் பொறுக்கு. நல்லதாக ஒரு கை எடுத்து அவள் முறத்தில் போடு. போட்டுவிட்டு அப்புறம் கேள், சொல்வாள்.

உன் அப்பா